ஐரோப்பாவுக்குச் சபுர்: பணம் கட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

(நமது அறக்கட்டளையின் கல்வி, வேலைவாய்ப்பு வழிகாட்டும் குழு மஹல்லாக் குடும்பங்களுக்காக நடத்திய கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

சபுர் நமக்குப் புதிதல்ல. நம் பாட்டனார்கள் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொழும்புக்கும் கப்பல் ஏறினார்கள். வாப்பாமார்கள் துபாய்க்கும் ஜித்தாவுக்கும் குவைத்துக்கும் போனார்கள். இப்போது பிள்ளைகள் போலந்து என்கிறார்கள், ருமேனியா என்கிறார்கள், ஜெர்மனி, போர்ச்சுக்கல் என்கிறார்கள். போகட்டும், தவறில்லை. ஆனால் வளைகுடாவுக்கு ஆள் அனுப்பிப் பழகிய அனுபவத்தை வைத்து ஐரோப்பாவை அளந்தால் கணக்குத் தப்பிவிடும். அங்கே சட்டம் வேறு, விசாவின் வகை வேறு, ஏமாற்றும் முறையும் வேறு.

கடந்த சில மாதங்களில் எங்கள் குழுவிடம் ஆலோசனைக்கு வந்த குடும்பங்களில் பெரும்பாலோர் ஒரே மாதிரியான கேள்வியோடு வந்தார்கள். "ஏஜென்ட் முன்பணம் கேட்கிறார், கட்டலாமா?" அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று நமக்குத் தெரியும். உம்மாவின் நகை, பெண்பிள்ளைக்கென்று எடுத்து வைத்த தொகை, சில வீடுகளில் வெளியே சொல்ல முடியாத வட்டிக்கடன். ஆகவே இன்று ஐரோப்பாவைப் பற்றிப் புகழ்ந்தோ பயமுறுத்தியோ பேசப் போவதில்லை. சட்டம் என்ன சொல்கிறது, கையில் வரும் காகிதத்தை எப்படிப் படிப்பது, எந்த இடத்தில் நின்று யோசிப்பது என்பதை மட்டும் வரிசையாகச் சொல்கிறோம்.

ஐரோப்பா ஒரே நாடல்ல

மூன்று வட்டங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, ஐரோப்பிய ஒன்றியம். இதில் 27 நாடுகள். இந்த நாடுகளின் குடிமக்கள் ஒன்றியத்துக்குள் எங்கும் போகலாம், தங்கலாம், வேலை பார்க்கலாம். இது குடிமக்களுக்கு உள்ள உரிமை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு இது கிடையாது.

இரண்டாவது, ஷெங்கன் பகுதி. லக்சம்பர்க் நாட்டில் ஷெங்கன் என்றொரு சிற்றூர். 1985 ஜூன் 14 அன்று அங்கே பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய 5 நாடுகள் தங்களுக்குள் எல்லைச் சோதனையைப் படிப்படியாக எடுத்துவிடுவதென்று கையெழுத்திட்டன. 1995 மார்ச்சில் அது நடைமுறைக்கு வந்தது. இன்று அதில் 29 நாடுகள். ஒன்றியத்தில் இல்லாத சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் ஆகியவை ஷெங்கனில் இருக்கின்றன. ஒன்றியத்தில் உள்ள அயர்லாந்தும் சைப்ரஸும் ஷெங்கனில் இல்லை. குரோஷியா 2023-லும், பல்கேரியாவும் ருமேனியாவும் முழுமையாக 2025 ஜனவரி 1-லும் சேர்ந்தன.

மூன்றாவது, இவை இரண்டிலும் இல்லாத நாடுகள். பிரிட்டன் 2020 ஜனவரி 31-ல் ஒன்றியத்தை விட்டு வெளியேறியது. ஷெங்கனில் அது என்றுமே இருந்ததில்லை. லண்டன் விசா வைத்துக்கொண்டு பாரிஸுக்குப் போக முடியாது. பாரிஸ் விசாவோடு லண்டனுக்கும் போக முடியாது. செர்பியா, பெலாரஸ், உக்ரைன், ரஷ்யா, துருக்கி எல்லாம் தனித்தனி விசா.

"செர்பியாவில் இறங்கினால் போதும், அங்கிருந்து ஐரோப்பாவுக்குள் விட்டுவிடுவார்கள்" என்று சொல்லும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்தியர்களுக்கு விசா இல்லாமல் அனுமதி கொடுத்துவந்ததைச் செர்பியா 2023 ஜனவரி 1 முதல் நிறுத்திவிட்டது. பெலாரஸ் காட்டுவழி, படகுவழி என்று யாராவது பேசினால் அது சபுர் அல்ல, உயிரோடு விளையாட்டு. அந்தப் பேச்சை அத்தோடு முடித்துவிடுங்கள்.

விசா ஒட்டுத்தாளைப் படிக்கத் தெரிய வேண்டும்

பாஸ்போர்ட்டில் ஒட்டப்படும் ஷெங்கன் விசாவில் நான்கு விவரங்களைப் பார்க்க வேண்டும்.

முதலில் வகை. 'சி' என்றிருந்தால் குறுகிய காலம். சுற்றுலா, உறவினரைப் பார்ப்பது, வியாபாரப் பேச்சு, மாநாடு ஆகியவற்றுக்கு இது. 'டி' என்றிருந்தால் ஒரு குறிப்பிட்ட நாடு தரும் நீண்டகால விசா. வேலை, படிப்பு, குடும்பத்தோடு சேருதல் ஆகியவை இதன்கீழ் வரும். 'சி' விசாவில் போய் ஹோட்டலிலோ கட்டட வேலையிலோ சேருவது சட்டவிரோதம். "போய் இறங்குங்கள், அங்கே வேலை விசாவாக மாற்றிக் கொடுப்போம்" என்ற வாக்குறுதிதான் இன்று அதிகமாக விற்கப்படும் சரக்கு.

இதற்கு ஓர் உதாரணம் போர்ச்சுக்கல். சுற்றுலாவாகப் போய், அங்கே வேலையில் சேர்ந்து, பிறகு குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்கும் வழி அந்த நாட்டில் சில ஆண்டுகள் திறந்திருந்தது. பலர் அப்படிச் சட்டப்படியே அனுமதியும் பெற்றார்கள். 2024 ஜூன் தொடக்கத்தில் அந்த அரசு அதை மூடிவிட்டது. அப்போது போனவரின் கதையைச் சொல்லி இப்போது பணம் வாங்குகிறார்கள். முன்னே போனவர் சொல்வது பொய்யல்ல. ஆனால் அவர் நுழைந்த வாசல் இன்று இல்லை.

இரண்டாவது, 'முதல், வரை' என்ற தேதிகள். இந்தத் தேதிகளுக்குள் எப்போது வேண்டுமானாலும் பயணம் செய்யலாம் என்றுதான் பொருள். அந்த நாட்கள் முழுவதும் தங்கலாம் என்று பொருளல்ல.

மூன்றாவது, தங்கும் நாட்களின் எண்ணிக்கை. 15 என்று போட்டிருந்தால் 15 நாள்தான், தேதி இடைவெளி 30 நாளாக இருந்தாலும் சரி.

நான்காவது, எத்தனை முறை நுழையலாம் என்பது. 01 என்றிருந்தால் ஒரே முறை. ஷெங்கனை விட்டு லண்டனுக்கோ இஸ்தான்புலுக்கோ போய்விட்டால் திரும்ப நுழைய முடியாது. 'மல்ட்' என்றிருந்தால் பலமுறை.

எங்களிடம் வந்த ஓர் இளைஞரிடம் அழகாக அச்சடித்த 'வேலை அனுமதிக் கடிதம்' இருந்தது. பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்ததோ 'சி' வகை, 20 நாள், ஒரே நுழைவு. கடிதத்தைப் பார்த்து வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். விசாவை யாரும் படிக்கவில்லை. எல்லையில் அதிகாரி பார்ப்பது முதலில் விசாவைத்தான்.

90 நாள் கணக்கு

குறுகிய காலப் பயணத்துக்கு ஒரு பொது விதி: எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் 90 நாளுக்கு மேல் ஷெங்கன் பகுதியில் இருக்கக் கூடாது. 29 நாடுகளுக்கும் சேர்த்துத்தான் 90. பிரான்ஸில் 90, ஸ்பெயினில் இன்னொரு 90 என்று கிடையாது. ஜனவரி பிறந்தால் கணக்குப் புதிதாகத் தொடங்குவதும் கிடையாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம. மகனைப் பார்க்க ஒரு தாய் பலமுறை நுழையும் விசாவில் போகிறார். 2026 ஜனவரி 10 முதல் பிப்ரவரி 8 வரை இருக்கிறார், 30 நாள். ஊர் திரும்பி, மறுபடி ஏப்ரல் 1 முதல் மே 30 வரை இருக்கிறார், 60 நாள். மொத்தம் 90. இறங்கிய நாளும் கிளம்பிய நாளும் கணக்கில் சேரும். இனி அவர் எப்போது போகலாம்? ஜனவரி 10 என்ற நாள் 180 நாள் வட்டத்தை விட்டு வெளியேற வேண்டும். அது ஜூலை 9. அன்றைக்கு முன் நுழைந்தால் ஒரு நாளாக இருந்தாலும் மீறல்தான், விசாவில் தேதி மிச்சமிருந்தாலும்கூட.

முன்பு முத்திரையைப் பார்த்து அதிகாரி எண்ண வேண்டியிருந்தது. 2025 அக்டோபர் 12 முதல் புதிய நுழைவு, வெளியேற்றப் பதிவு முறை தொடங்கப்பட்டிருக்கிறது. விரல் ரேகையும் முகப்படமும் எடுத்துக் கணினியே நாட்களை எண்ணிவிடும். கூடுதலாகத் தங்கியது பதிவாகிவிட்டால் அடுத்த விண்ணப்பத்தில் அது முன்னே வந்து நிற்கும்.

பார்வையாளர் விசா விண்ணப்பம்

மகன், மகள், சகோதரர் அங்கே இருக்க, பெற்றோர் போய்ப் பார்த்து வருவது நம் மஹல்லாவில் அதிகரித்துவருகிறது. அதற்கான அடிப்படைகள் இவை.

எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். எல்லா நாட்டிலும் சம நாட்கள் என்றால் முதலில் நுழையும் நாடு. "எந்த நாடு சீக்கிரம் கொடுக்கும்" என்று பார்த்து ஒரு நாட்டில் வாங்கி வேறு நாட்டில் முழுக்கத் தங்குவது விசா ரத்தாகக் காரணமாகலாம்.

பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்துவிட வேண்டும். முடிவு சாதாரணமாக 15 நாளில் வரும், சில நேரம் 45 நாள் வரை நீளலாம். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 வயது முதல் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு 45 யூரோ, 6 வயதுக்குக் கீழ் இலவசம். விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மறுக்கப்பட்டால் பணம் திரும்பாது.

பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். திரும்பும் தேதிக்குப் பிறகும் 3 மாதம் செல்லுபடியாக வேண்டும். இரண்டு பக்கமாவது காலியாக இருக்க வேண்டும். குறைந்தது 30,000 யூரோவுக்கான பயண மருத்துவக் காப்பீடு வேண்டும். விரல் ரேகை கொடுக்க நேரில்தான் போக வேண்டும். ஒருமுறை கொடுத்தால் 59 மாதம் வரை மறுபடி பயன்படுத்துவார்கள்.

மறுப்புக்கு அடிக்கடி வரும் காரணம், "திரும்பி வருவார் என்ற நம்பிக்கை ஏற்படவில்லை" என்பது. கடை, நிலம், ஓய்வூதியம், ஊரில் இருக்கும் மற்றப் பிள்ளைகள் என்று நம் வாழ்க்கை இங்கே வேர் விட்டிருப்பதைக் காகிதத்தில் காட்ட வேண்டும். விண்ணப்பிப்பதற்கு முந்தின வாரம் யாரிடமோ வாங்கி வங்கியில் பெரிய தொகை போட்டுக் காட்டுவது உதவாது. மாதக்கணக்கில் வந்துபோன பணத்தைத்தான் பார்ப்பார்கள். போலி ஹோட்டல் பதிவு, போலிச் சம்பளச் சான்று எதையும் வைக்காதீர்கள். மறுப்புக் கடிதத்தில் காரணம் குறிக்கப்பட்டிருக்கும், மேல்முறையீடு செய்யவும் உரிமை உண்டு. ஒருமுறை மறுத்தது என்றைக்கும் தடையல்ல. ஆனால் முன்பு மறுக்கப்பட்டதை அடுத்த விண்ணப்பத்தில் மறைத்தால் நம்பகம் போய்விடும்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2024 ஏப்ரலில் ஐரோப்பிய ஆணையம் இந்தியாவில் வசிக்கும் இந்தியர்களுக்காக ஒரு தளர்வு கொண்டுவந்தது. கடந்த 3 ஆண்டுக்குள் இரண்டு விசா பெற்று முறையாகப் பயன்படுத்தியவருக்கு, 2 ஆண்டு பலமுறை நுழையும் விசா தரலாம். அதன்பின் பாஸ்போர்ட்டில் போதிய காலம் இருந்தால் 5 ஆண்டு விசா. முதல் இரண்டு பயணத்தை ஒழுங்காக முடிப்பவருக்கு வழி எளிதாகிறது.

வேலைக்குப் போவது

'ஷெங்கன் வேலை விசா' என்று ஒன்று கிடையாது. யார் அந்தப் பெயரைச் சொல்லி விற்றாலும் அங்கேயே எழுந்துவிடலாம். வேலை அனுமதியை ஒவ்வொரு நாடும் தனித்தனியே தருகிறது.

போலந்து, ருமேனியா போன்ற நாடுகளில் முதலில் அங்குள்ள முதலாளி தன் அரசிடம் உங்கள் பெயரில் அனுமதி பெற வேண்டும். அந்த அனுமதியோடு நீங்கள் இங்கே தூதரகத்தில் 'டி' விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அனுமதி கிடைத்தாலே விசா கிடைத்ததாகாது. தூதரகம் மறுக்கலாம். ஏஜென்டிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்பும்? எழுதித் தருவீர்களா?"

போலந்தின் அனுமதி போலந்துக்கு மட்டும். அந்த நாட்டின் குடியிருப்பு அட்டை வைத்திருப்பவர் மற்ற ஷெங்கன் நாடுகளுக்கு 180 நாளில் 90 நாள் வரை போய்வரலாம், வேலை செய்யக் கூடாது. "போலந்தில் கால் வைத்துவிட்டு ஜெர்மனிக்கு மாறிக்கொள்ளலாம்" என்று போன பிள்ளைகள் இரண்டு நாட்டிலும் உரிமை இல்லாதவர்களாக நிற்கும் நிலை வரும். அனுமதி பெரும்பாலும் குறிப்பிட்ட முதலாளியோடும் கட்டப்பட்டிருக்கும். வேலையை விடும் முன் அந்த நாட்டுச் சட்டம் கொடுக்கும் அவகாசத்தைக் கேட்டறிய வேண்டும்.

படித்தவர்களுக்கு ஜெர்மனியில் வழிகள் இருக்கின்றன. பட்டமும் உரிய சம்பளத்தில் வேலை ஒப்பந்தமும் இருந்தால் 'நீல அட்டை'. வேலை கிடைக்காமலே போய் ஓராண்டு வரை தேட, 2024 ஜூன் 1 முதல் 'வாய்ப்பு அட்டை' வந்திருக்கிறது. இதற்கு நம் படிப்பு இந்திய அரசு அங்கீகரித்ததாக இருக்க வேண்டும், மொழியறிவு வேண்டும், மதிப்பெண் முறையில் குறைந்தது 6 புள்ளி வேண்டும், தங்குவதற்கான பணத்தையும் காட்ட வேண்டும். தேடும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வரை பகுதிநேர வேலை பார்க்கலாம். செவிலியர் படித்த நம் பெண்பிள்ளைகள் ஏஜென்டுக்குக் கொடுக்க நினைக்கும் பணத்தில் ஒரு பகுதியை ஜெர்மன் மொழி வகுப்புக்குக் கொடுத்தால் அது வீணாகாது.

பிரிட்டனைப் பற்றி ஒரு வார்த்தை. முதியோர் பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை 2025 ஜூலை 22 முதல் அந்த அரசு நிறுத்திவிட்டது. அந்த விசாவை இன்றைக்கும் விலை பேசுபவர் இல்லாத பொருளை விற்கிறார். திறன்சார் வேலைகளுக்கு அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலைப் பிரிட்டன் அரசு தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. ஐந்து நிமிடத்தில் பெயரைத் தேடிப் பார்த்துவிடலாம்.

ஏஜென்ட் பற்றி நம் நாட்டுச் சட்டம்

1983-ம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் மத்திய வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் பதிவு பெற்றவர்களின் பட்டியல் இருக்கிறது. அவர்கள் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். இதை இரண்டு முறை படியுங்கள். லட்சக்கணக்கில் கேட்பவர், அதுவும் ரசீது இல்லாமல் ரொக்கமாகக் கேட்பவர், சட்டத்துக்கு வெளியே நிற்கிறார்.

பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டுக்குக் குடிபெயர்வு அனுமதி கட்டாயமாக்கப்பட்டுள்ள 18 நாடுகளில் ஐரோப்பிய நாடு எதுவும் இல்லை. வளைகுடாவுக்குப் போகும்போது அரசு ஒருமுறை ஒப்பந்தத்தைப் பார்க்கும் அந்தப் பாதுகாப்பு ஐரோப்பாவுக்குப் போகும்போது தானாகக் கிடைக்காது. நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உதவியாளர் வேலை என்று நம்பி ரஷ்யாவுக்குப் போன இந்திய இளைஞர்கள் போர்முனையில் நிறுத்தப்பட்டதை 2024-ல் வெளியுறவு அமைச்சகமே சொல்லி எச்சரித்தது. 'ஐரோப்பா' என்று சொல்லிக் கூப்பிடும் வேலை எந்த நாட்டில், எந்த ஊரில், என்ன வேலை என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டியது இதனால்தான்.

தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் சென்னையில் இயங்குகிறது. முதலில் அங்கே கேளுங்கள். பிறகு தனியாரிடம் போங்கள்.

இன்னொன்று. போன இடத்தில் பாஸ்போர்ட்டை முதலாளியிடம் கொடுத்துவைக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு வளைகுடாவிலிருந்து வந்தது. அந்தப் பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து. பதிவுக்காகக் காட்டலாம், நகல் கொடுக்கலாம். அசலை யாரும் பிடித்து வைத்துக்கொள்ள உரிமையில்லை.

படிக்கப் போகும் பிள்ளைகள்

ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ. இந்திய மாணவர்கள் விசாவுக்கு முன் தங்கள் சான்றிதழ்களைச் சரிபார்த்து 'ஏ.பி.எஸ்.' சான்று பெற வேண்டும்.

முடக்கக் கணக்கில் ஓராண்டுச் செலவுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும் என்றதும் பல பெற்றோர் பின்வாங்கிவிடுகிறார்கள். அது கட்டணமல்ல. பிள்ளையின் பெயரிலேயே இருக்கும் பணம். அங்கே போனபின் மாதம் 992 யூரோ வீதம் பிள்ளையின் செலவுக்கே திரும்பி வரும். இதை 'தூதரகக் கட்டணம்' என்று சொல்லித் தன் கணக்கில் போடச் சொல்லும் இடைத்தரகர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை பார்க்கலாம். பிரான்ஸில் ஆண்டுக்கு 964 மணி நேரம். இதை நம்பி முதலாண்டுச் செலவைத் திட்டமிடக் கூடாது.

குடும்பம்: நிக்காஹ் தஃப்தர் மட்டும் போதாது

இது தாய்மார்களும் ஜமாஅத் நிர்வாகிகளும் முக்கியமாகக் கேட்க வேண்டியது. நிக்காஹ் முடிந்ததும் பள்ளிவாசல் தஃப்தரில் கையெழுத்தாகிறது. மார்க்கப்படி அது நிறைவு. ஆனால் மனைவியை அழைத்துக்கொள்ள ஐரோப்பியத் தூதரகங்கள் கேட்பது அரசின் திருமணப் பதிவுச் சான்றிதழ். 2009-ம் ஆண்டின் தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டப்படி எல்லாச் சமயத்தாரும் 90 நாளுக்குள் பதிய வேண்டும். மாப்பிள்ளை இரண்டு வாரத்தில் கிளம்பிவிடுகிறார், பதிவு தள்ளிப்போகிறது, பெண் வீட்டில் காத்திருக்கிறாள். ஒரு கையெழுத்துக்காக ஓராண்டு பிரிந்திருந்த தம்பதிகளை நாங்கள் அறிவோம். வலீமா விருந்துக்குத் தேதி குறிக்கும்போதே பதிவுக்கும் தேதி குறித்துவிடுங்கள்.

சான்றிதழுக்கு 'அப்போஸ்டில்' முத்திரையும் பல நாடுகள் கேட்கும். மாநில அரசின் சான்றொப்பத்துக்குப் பிறகு வெளியுறவு அமைச்சகம் அதைத் தரும். ஜெர்மனிக்குச் செல்லும் மனைவி பொதுவாக 'ஏ1' நிலை ஜெர்மன் மொழி தேற வேண்டும், நீல அட்டைக்காரரின் துணைக்கு விலக்கு உண்டு. துணை என்ற முறையில் ஒருவருக்குத்தான் அனுமதி. மறுமணம் என்றால் முந்தைய மணம் சட்டப்படி முடிந்ததற்கான ஆவணமும் கேட்கப்படலாம்.

காரைக்கால், புதுச்சேரிச் சொந்தங்கள் நமக்கு நிறைய உண்டு. பிரான்ஸும் இந்தியாவும் 1956-ல் செய்த ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-ல் நடைமுறைக்கு வந்தபோது, 6 மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள அங்கிருந்தவர்களுக்கு வாய்ப்புக் கொடுத்தார்கள். அப்படித் தேர்ந்தவர்களின் வழிவந்தவர்களுக்கு ஒன்றியக் குடிமக்களின் உரிமை முழுவதும் உண்டு. அதனால் 'பிரெஞ்சு மாப்பிள்ளை' என்றதுமே விசாரிக்காமல் பேசி முடிக்கும் வீடுகளும் உண்டு. நிக்காஹ் ஆனதும் பெண்ணுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை வந்துவிடாது. நிக்காஹுக்கு முன்பே தூதரகத்தில் திருமணத் தகுதிச் சான்று, பின்னர் பதிவான திருமணத்தைப் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்றுதல், அதன்பின் நீண்டகால விசா என்பதுதான் வரிசை. குடியுரிமை கேட்கவே குறைந்தது 4 ஆண்டு சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். அந்தக் குடியுரிமையை ஏற்றால் இந்தியக் குடியுரிமை போய்விடும். இரட்டைக் குடியுரிமையை நம் நாடு அனுமதிப்பதில்லை. ஓ.சி.ஐ. அட்டை மட்டுமே பெறலாம்.

பாஸ்போர்ட்டில் பெயர்

கடைசியாக, சிறியதாகத் தோன்றிப் பெரிய தொல்லை தருவது. 'முஹம்மது' என்ற ஒரு பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம்! பள்ளிச் சான்றில் ஒன்று, ஆதாரில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று. ஐரோப்பிய அதிகாரிக்கு அவை மூன்று ஆட்கள். பிள்ளை பத்தாம் வகுப்புக்குப் போகும் முன்பே எல்லாவற்றையும் ஒரே எழுத்துக்கூட்டலுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். சுருக்கிய இனிஷியலைப் பாஸ்போர்ட்டில் விரித்து எழுத வேண்டும். குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். நம் வழக்கத்தில் கணவனுக்கு அவர் வாப்பா பெயர், மனைவிக்கு அவர் வாப்பா பெயர், பிள்ளைகளுக்கு இவர் பெயர் என்று ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர்கள் வரும். குற்றமில்லை. உறவைக் காட்டும் பிறப்புச் சான்றிதழ்களைக் கையில் வைத்திருந்தால் போதும். 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பின்போ பிறந்த குழந்தைகளுக்குப் பாஸ்போர்ட் பெறப் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே பிறந்த தேதிக்கான ஆதாரம்.

பெண்கள் தலைமுக்காட்டோடு படம் எடுக்கலாம். நெற்றியிலிருந்து தாடை வரை முகம் முழுவதும் தெரிய வேண்டும், முகத்தில் நிழல் விழக் கூடாது.

பணம் கொடுக்கும் முன்

ஐந்து கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள். எந்த நாடு, எந்த ஊர், எந்த முதலாளி? விசா 'சி'யா 'டி'யா? வேலை அனுமதி அந்த நாட்டு அரசின் பதிவில் இருக்கிறதா? ஏஜென்டின் பதிவு எண் இ-மைக்ரேட் பட்டியலில் இருக்கிறதா? மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்பும், எழுத்தில் இருக்கிறதா? ஐந்துக்கும் பதில் வராமல் பத்துப் பைசா கொடுக்காதீர்கள். "நாளைக்குள் கட்டாவிட்டால் இடம் போய்விடும்" என்று அவசரப்படுத்துகிறார்களா, போகட்டும்.

கட்டணங்களும் சம்பள வரம்புகளும் ஆண்டுதோறும் மாறுபவை. நாங்கள் சொன்ன தொகைகளை விண்ணப்பிக்கும் நாளில் அந்தந்தத் தூதரகத்தின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நமது அறக்கட்டளை விசா வாங்கித் தருவதில்லை, எந்த ஏஜென்டையும் பரிந்துரைப்பதுமில்லை. ஆனால் உங்களுக்கு வந்த கடிதத்தையும் ஒப்பந்தத்தையும் விசாவையும் ஞாயிற்றுக்கிழமைகளில் அஸருக்குப் பின் அலுவலகத்துக்குக் கொண்டுவந்தால், உட்கார்ந்து வரிக்கு வரி படித்துச் சொல்வோம். அதற்குக் கட்டணமில்லை. பிள்ளையை மட்டும் அனுப்பாமல், நகையைக் கொடுக்கப்போகும் உம்மாவும் கூட வாருங்கள். முடிவு அவருடையதும்தான்.

சட்டப்படி போகிறவரின் சபுரை அல்லாஹ் இலேசாக்கி, பரக்கத் செய்வானாக. வஸ்ஸலாம்.